பவர் ஸ்டியரிங் சத்தம்: ஆயிலை மாற்றுவதா, ஹோஸை மாற்றுவதா, பம்பையே மாற்றுவதா?

பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஓர் உறுமல் எழத் தொடங்கினால், ஒர்க் ஷாப்பில் முதலில் காதில் விழும் தீர்ப்பு பெரும்பாலும் ‘பம்பு போச்சு’ என்பதாகவே இருக்கிறது. அதன் பிறகு உரிமையாளரின் முன்னால் பல வழிகள் வைக்கப்படுகின்றன. குறைந்த ஆயிலை நிரப்பிக்கொண்டு ஓட்டலாம். பழைய ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றலாம். ஹோஸையும் ஆயில் டப்பாவையும் மாற்றலாம். பம்பைக் கழற்றி சீல் கிட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களின் தொகுப்பு) போடலாம். பழைய வண்டியிலிருந்து எடுத்த பம்பை வாங்கிப் பொருத்தலாம். புதிய பம்பே வாங்கலாம். சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் ரூபாய் வரை விரியும் இந்த வழிகளில் ஒன்றை விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர், மலிவானதை எடுத்தாலும் விலை உயர்ந்ததை எடுத்தாலும், இரண்டாம் முறை செலவழிக்க வாய்ப்பு அதிகம். சத்தம் எந்த நேரத்தில் எழுகிறது, ஆயில் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதும், பம்புக்கு ஆயில் வந்து சேரும் பாதையைச் சரிசெய்யாமல் பம்பில் கை வைக்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த நோய் அதிகம் பேசப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களிலிருந்து மீன் ஏற்றும் வண்டியானாலும், குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் ஏற்றும் வண்டியானாலும், தோவாளைப் பூவையோ வாழைக்குலையையோ ஏற்றிக்கொண்டு களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போகும் வண்டியானாலும், நேர்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடும் வாய்ப்பு அவற்றுக்குக் குறைவு. வளைவுக்கு மேல் வளைவாக இருக்கும் ஊர்ச்சாலைகளிலும், எதிரே ஒரு பேருந்து வந்தால் பின்னோக்கி எடுத்தே ஆக வேண்டிய இடங்களிலும், பாரம் ஏற்றிய வண்டியை நிற்க வைத்தபடியே லாக் வரை, அதாவது ஸ்டியரிங் அதற்கு மேல் திரும்பாத எல்லை வரை, ஒடித்துத் திருப்புவது அன்றாட வேலை. கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று கிளிப்புகளையும் இரும்புக் குழாய்களையும் அரிக்கிறது. மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் வண்டியின் அடிச்சட்டத்தின் கீழே உப்பைப் படிய வைக்கிறது. சமவெளியில் ஓடும் அதே வண்டியோடு ஒப்பிட்டால் இங்கே ஸ்டியரிங் வேலையும் கூடுதல், தேய்மானமும் கூடுதல்.

முதலில் ஒரு சிறு விலக்கு. இங்கே பேசப்படுவது பெல்ட்டால் சுழலும் பம்பும் ஆயிலும் உள்ள ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் பற்றி மட்டுமே. பொலீரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. டாடா இன்ட்ரா வி30 போல மின்மோட்டாரால் உதவி பெறும் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் ஆயில் டப்பாவே கிடையாது. அவற்றில் சத்தம் வந்தால் ஆராயும் முறை முற்றிலும் வேறு.

ஹைட்ராலிக் பம்பின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிதாகும். ஆயில் டப்பாவிலிருந்து ஒரு தடித்த ஹோஸ் வழியாக ஆயில் பம்புக்கு வருகிறது. இதுதான் உறிஞ்சு பக்கம். பம்பின் நடுவிலுள்ள சுழலியில் வெட்டப்பட்ட பள்ளங்களுக்குள் மெல்லிய எஃகுத் தகடுகள் வெளியே எகிறி, முட்டை வடிவ வளையத்தை உரசிக்கொண்டே சுற்றுகின்றன. தகடுகளுக்கு இடையிலுள்ள அறை விரியும்போது ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது. சுருங்கும்போது அழுத்தத்துடன் வெளியே தள்ளப்படுகிறது. லாக்கில் ஒடித்து வைத்திருக்கும்போது இந்த அழுத்தம் 80 பாருக்கு மேல் போவது சாதாரணம்; 35 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயரில் இருப்பது சுமார் 2.4 பார் மட்டுமே என்பதை நினைத்தால் அதன் வலிமை புரியும். உறிஞ்சு பக்கத்தில் ஆயில் தடையின்றி வரவில்லை என்றால், விரியும் அறையில் வெற்றிடம் போன்ற நிலை உண்டாகி ஆயிலிலேயே நுண்குமிழிகள் தோன்றுகின்றன. அவை அழுத்தப் பக்கத்தை அடைந்ததும் நொறுங்கி வெடிக்கின்றன. காதில் விழும் உறுமல் இந்தக் குமிழிகள் நொறுங்கும் ஓசைதான். ஒவ்வொரு நொறுங்கலும் வளையத்தின் பளபளப்பான முகத்தில் ஒரு நுண்துளையை உண்டாக்குகிறது. ஆகையால், ‘வெறும் சத்தம்தானே, ஸ்டியரிங் லேசாகத்தானே இருக்கிறது’ என்று மாதக்கணக்கில் ஓட்டுவது, ஹோஸ் மட்டும் கெட்டிருந்த வண்டியைப் பம்பும் கெட்ட வண்டியாக மாற்றிவிடும்.

இதே காரணத்தால்தான் புதிய பம்பு போட்ட பிறகும் சில வண்டிகளில் அதே உறுமல் திரும்புகிறது. ஆயில் வரும் வழியில் அடைப்போ காற்றுக் கசிவோ இருந்தால், எந்த நிறுவனத்தின் பம்பைப் போட்டாலும் அது அதே பட்டினியைத்தான் அனுபவிக்கும்.

சத்தத்தை இனம்பிரிப்பது அடுத்த வேலை. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து லாக்கில் பிடித்திருக்கும்போது மட்டும் வரும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் நோயே அல்ல. அழுத்தம் எல்லை மீறாமலிருக்க ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி விடுவதால் அது எழுகிறது. அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் லாக்கில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கும் பழக்கத்தை ஓட்டுநர் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் ஆயில் மிக வேகமாகச் சூடேறுகிறது. பள்ளத்தில் இறங்கும்போதோ ஸ்டியரிங்கைச் சட்டென்று இடம் வலம் அசைக்கும்போதோ ‘டொக்’ என்று ஓசை வந்தால், அது டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் ஆகியவற்றில் ஒன்றின் தேய்மானம். ஆயிலுக்கும் பம்புக்கும் அதில் பங்கில்லை.

கீச்சிடும் சத்தம் பெல்ட்டுடையது. வண்டியை ஸ்டார்ட் செய்தவுடனோ, நின்ற நிலையில் லாக் வரை ஒடிக்கும்போதோ அது உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் பம்பின் பாரம் கூடும் அந்த நேரத்தில்தான் தளர்ந்த பெல்ட், அது சுற்றியோடும் சக்கரமான புல்லியில் வழுக்குகிறது. எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை. தெளித்தவுடன் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சோர்ந்திருக்கிறது. சிறிது நேரம் அடங்கிப் பிறகு திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. சட்டைக் கையையும் கழுத்துத் துண்டையும் ஒதுக்கிக் கட்டிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பெல்ட் மேல் ஸ்ப்ரே அடித்துச் சத்தத்தை மறைப்பதை மட்டும் யாரும் ஏற்கக் கூடாது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. அது வழியில் அறுந்தால் ஸ்டியரிங் கனத்துப்போவதோடு எஞ்சினும் சூடேறிவிடும். பெல்ட் மாற்றுவது எல்லா வழிகளிலும் சந்தேகமே இல்லாத செலவு: வெடிப்போ பளபளப்போ தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

ஒடித்தாலும் ஒடிக்காவிட்டாலும் ஒரே மாதிரி கரகரவென்று தேயும் சத்தம் வந்தால் அது பேரிங். பம்பின் பேரிங்காக இருக்கலாம், டென்ஷனருடையதாக இருக்கலாம், ஆல்டர்னேட்டருடையதாகவும் இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு, பிறகு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தால் குற்றவாளி பிடிபடும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல், ஆல்டர்னேட்டர் பேரிங்கின் சத்தத்துக்காகப் பவர் ஸ்டியரிங் பம்பை மாற்றுவது நடக்கக் கூடிய தவறுதான்.

மீதமிருப்பது உறுமல்: எஞ்சின் வேகம் கூடக்கூட ஏறுவது, ஒடிக்கும்போது கனப்பது. பம்புக்குச் செலவழிப்பதா வேண்டாமா என்ற கேள்வி உண்மையில் இங்கேதான் எழுகிறது. இதற்கான பதில் ஆயில் டப்பாவுக்குள் இருக்கிறது. ஐடிலில் எஞ்சின் ஓடும்போது ஆயில் மட்டத்தை டப்பாவின் வெளியே குறித்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தால் ஆயிலில் காற்று கலந்திருக்கிறது என்று பொருள். அழுத்தத்தில் ஒடுங்கியிருந்த காற்று எஞ்சின் நின்றதும் விரிந்து மட்டத்தை உயர்த்துகிறது. மூடியைத் திறந்தால் நுரை தெரிகிறதா என்பதையும் பார்க்கலாம். பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) வகை ஆயில் புதிதாக இருக்கும்போது தெளிந்த சிவப்பு. அது காப்பி நிறத்துக்கு மாறிக் கருகிய வாடை அடித்தால் சூட்டில் வெந்திருக்கிறது. பால் கலந்தது போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் காற்றோ தண்ணீரோ புகுந்திருக்கிறது. மூடியின் ரப்பர் கெட்டுப்போய் மழைக்காலத்தில் தண்ணீர் இறங்குவது ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் இந்த மாவட்டத்தில் அரிதல்ல.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை, டப்பாவின் அடியிலிருந்து சிறிது ஆயிலை எடுத்து வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்ப்பது. கரும்பசை மட்டும் இருந்தால் அது ரப்பர் தேய்மானமும் வெந்த ஆயிலும். மின்னும் துகள்கள் தெரிந்தால் பம்பு உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. துணிக்கு அடியில் காந்தத்தை வைத்து நகர்த்தும்போது துகள்கள் கூடவே நகர்ந்தால், அவை எஃகுத் தகடுகளிலிருந்தோ வளையத்திலிருந்தோ உதிர்ந்தவை. இந்த ஒரு சான்று கிடைத்துவிட்டால் மலிவான வழிகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கிடைக்காதவரை, பம்பு மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேட்க உரிமையாளருக்கு முழு உரிமை உண்டு.

இனி வழிகளை ஒவ்வொன்றாக எடைபோடலாம். ஆயிலை நிரப்பி மட்டும் விடுவது மிக மலிவானது, மிக எளிதானது, பெரும்பாலும் பயனற்றது. இந்த அமைப்பு மூடிய சுற்று. ஆயில் எரிந்து தீர்வதில்லை. மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் சத்தம் சில நாள் அடங்கும், பிறகு திரும்பும். கசிவை நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் மருந்துகளும் இந்த வகையில்தான் சேரும்: அவை சீல் ரப்பரை உப்ப வைத்துச் சிறிது காலம் காக்கும், உப்பிய ரப்பர் பிறகு முன்னிலும் மென்மையாகித் தளரும். நெடுந்தூரப் பயணத்தின் நடுவே ஊர் வந்து சேர்வதற்கு மட்டுமே இந்த வழி. அவசரத்தில் பிரேக் ஆயிலை ஊற்றுவதைவிட ஊற்றாமல் இருப்பதே மேல், ஏனென்றால் அதன் வேதித்தன்மை பவர் ஸ்டியரிங்கின் எல்லாச் சீல்களையும் கெடுத்துவிடும். எந்த ஆயில் என்பது டப்பாவின் மூடியிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

குளிர்நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகளைப் படிப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் உறுமி, பிறகு அடங்கினால், குளிரில் ஆயில் கெட்டியானதுதான் காரணம் என்று அவற்றில் சொல்லப்படும். நம் ஊரில் மார்கழி விடியலிலும் ஆயில் கெட்டியாகும் அளவுக்குக் குளிர் அடிப்பதில்லை. இங்கே காலையில் மட்டும் உறுமும் வண்டியில், இரவில் நின்றபோது எங்கோ ஒரு தளர்ந்த இணைப்பு வழியாக ஆயில் சிறிது இறங்கிக் காற்று புகுந்திருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும்.

அடுத்த வழியே என் பார்வையில் பெரும்பாலான வண்டிகளுக்கு உரியது: ஆயிலை முழுவதும் மாற்றுவதோடு, டப்பா, உறிஞ்சு ஹோஸ், அதன் கிளிப்புகள், பம்பின் வாயிலிலுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் ஆகிய நான்கையும் ஒரே வேலையாகப் புதுப்பிப்பது. தக்கலையில் பல ஆண்டுகளாக ஸ்டியரிங் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக், வாழைக்குலை ஏற்றும் வண்டியோடு வந்த இளம் ஓட்டுநர் ஒருவர் “அண்ணே, பம்ப மாத்திரலாமா?” என்று கேட்டபோது சொன்ன பதில் சரியானது: “மக்ளே, சத்தம் பம்புலதான் கேக்கும். கொறை பம்புலதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. மொதல்ல டப்பாவ கழத்து.” கழற்றிய டப்பாவைக் கவிழ்த்து டீசலில் அலசி, வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே காட்டினார். அடியிலிருந்த மெல்லிய வலை தெரியவே இல்லை. கருப்புப் பசையும் ஹோஸின் உட்சுவரிலிருந்து உரிந்த ரப்பர்த் துணுக்குகளும் அதை மூடியிருந்தன. வெளிவாயில் வாய் வைத்து ஊதியபோது காற்று ஒரு ஓரமாகத்தான் போயிற்று. பல வண்டிகளில் அந்த வலையைத் தனியாகக் கழற்ற முடியாது. குச்சி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தால் வலை கிழிந்து, அழுக்கு நேராகப் பம்புக்குள் போகும். டப்பாவையே மாற்றுவதுதான் முறை. பம்பின் விலையோடு வைத்துப் பார்த்தால் டப்பாவின் விலை சிறியது.

உறிஞ்சு ஹோஸின் குறை இதைவிடக் கண்ணுக்குத் தப்பக் கூடியது. அழுத்தப் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஆயில் வெளியே வரும், யாரும் பார்த்துவிடுவார்கள். உறிஞ்சு பக்கத்தில் ஓட்டை விழுந்தால், எஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. கீறல் விழுந்த ஸ்ட்ராவால் இளநீர் உறிஞ்சுபவருக்குக் காற்றும் கலந்தே வாய்க்குள் வருவதும், ஸ்ட்ராவின் வெளிப்புறம் ஒரு சொட்டும் நனையாததும் போன்றது இது. ஆகையால் ‘எங்கேயும் ஆயில் லீக் இல்லையே, அப்படியானால் பம்புதான்’ என்ற வாதம் செல்லாது. மீன் வண்டிகளில் கிளிப்பின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்: மேலே பளபளவென்று தெரியும் கிளிப், ஐஸ் தண்ணீர் தேங்கும் கீழ்ப்பக்கத்தில் துருவேறி இறுக்கத்தை இழந்திருக்கும். சந்தேகத்தைத் தீர்க்க, எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றிலும் சிறிது ஏ.டி.எஃப். ஆயிலையே தடவிப் பார்க்கலாம். உறுமல் அந்தக் கணமே மாறினால் காற்று புகும் இடம் அதுதான். புது ஹோஸ் வாங்கும்போது தண்ணீர் ஹோஸையோ சாதாரண ரப்பர்க் குழாயையோ ஏற்றுக்கொள்ளக் கூடாது. ஆயில் தாங்காத ரப்பர் உள்ளே ஊறி உப்பும்; சூட்டில் இளகி, உறிஞ்சும் விசையில் தட்டையாக ஒட்டிக்கொண்டு புதிய அடைப்பை உண்டாக்கும்.

அழுத்த ஹோஸ் மாற்ற வேண்டி வந்தால் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று, வண்டி நிறுவனத்தின் ஹோஸ், மற்றொன்று, ஜே.சி.பி. போன்ற இயந்திரங்களுக்கு ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகளில் பழைய முனைகளை வைத்துப் புதிதாகச் செய்து வாங்குவது. இரண்டாவது மலிவானது, அன்றே கிடைக்கும், அழுத்தத்தையும் தாங்கும். ஆனால் அசல் ஹோஸ் பம்பின் துடிப்பை உள்வாங்கும்படி சிறிது விரிந்து கொடுக்கும் வகையில் அமைக்கப்பட்டது. பல வண்டிகளில் அதற்காகவே உள்ளே ஒரு மெல்லிய குழாயும் வைக்கப்பட்டிருக்கும். விறைப்பான ஹைட்ராலிக் ஹோஸ் அந்தத் துடிப்பை அப்படியே சட்டத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் கடத்தி, முன்பு இல்லாத ஒரு முனகலைக் கொண்டுவரலாம். சத்தத்தைப் போக்குவதே நோக்கம் என்றால் அசல் ஹோஸுக்குச் செலவழிப்பதையே நான் பரிந்துரைப்பேன். கசிவு நின்றால் போதும், வண்டி நாளை காலை துறைமுகத்தில் நிற்க வேண்டும் என்றால் அழுத்திய ஹோஸ் போதுமானது.

இந்த வேலையின் வெற்றி காற்றை வெளியேற்றுவதில் இருக்கிறது. அவசரத்தில் பலரும் விட்டுவிடும் பகுதியும் அதுவே. முன் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டியரிங்கை ஒரு லாக்கிலிருந்து மறு லாக் வரை மெதுவாகக் குறைந்தது 20 முறை ஒடிக்க வேண்டும்; இடையிடையே மட்டத்தைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி வருவது நின்ற பிறகுதான் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு மீண்டும் ஒடித்துப் பார்ப்பது. நேராக ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பு காற்றையும் ஆயிலையும் அடித்து நுரையாக்கிவிடும். அந்த நுரை அடங்கப் பல மணி நேரம் ஆகும். வேலை சரியாக நடந்த பிறகும் உறுமுகிறது என்று தவறாக முடிவு கட்டிப் பம்பு வாங்கப் போகிறவர்களும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இவை எல்லாம் முடிந்தும் உறுமல் நிற்கவில்லை, அல்லது வெள்ளைத் துணியில் எஃகுத் துகள் தெரிந்துவிட்டது என்றால், கேள்வி பம்புக்கு நகர்கிறது. இங்கே மூன்று தேர்வுகள்: சீல் கிட், பழைய பம்பு, புதிய பம்பு.

சீல் கிட் கசிவுக்கு மருந்து, தேய்மானத்துக்கு மருந்தல்ல. பள்ளம் விழுந்த வளையத்தையும் முனை மழுங்கிய தகடுகளையும் புது ரப்பரால் மாற்ற முடியாது. ஆனால் சீல் கிட்டே உறுமலைத் தீர்க்கும் ஒரு நிலையும் உண்டு: பல பம்புகளில் புல்லிக்குப் பின்னாலுள்ள தண்டுச் சீல் உறிஞ்சு பக்கத்தோடு தொடர்புடையது, எனவே அது தேய்ந்தால் அந்த வழியாகவும் காற்று உள்ளே போகும். புல்லியின் பின்புறம் ஈரமாக இருந்து, ஆயிலில் துகள் இல்லாமல், தண்டில் ஆட்டமும் இல்லாமல் இருந்தால் சீல் கிட் நல்ல முடிவு. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், புதிய சீலும் அந்த ஆட்டத்தில் சீக்கிரமே தேய்ந்துவிடும். அந்தப் பம்பில் கூலி கொடுத்து வேலை செய்வது வீண். திறந்து பார்க்கும்போது வளையத்தின் உட்புறத்தை நகத்தால் தடவினால் அலை அலையாகத் தட்டுப்படுகிறதா என்று சோதிக்கச் சொல்லலாம். தட்டுப்பட்டால் மூடி வைத்துவிடுவதே நல்லது.

பழைய பம்பு வாங்குவதில் கேரள எல்லை அருகில் இருப்பது இந்த மாவட்டத்தாருக்கு ஒரு வசதி. திருவனந்தபுரம் வரை போய் உடைத்த வண்டிகளின் பாகங்களைத் தேடலாம். விபத்தில் சிக்கிய, அதிகம் ஓடாத வண்டியின் பம்பு கிடைத்தால் அது நியாயமான பேரம். ஆனால் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில. ஆயில் வாய்கள் இரண்டும் மூடியிட்டு வைக்கப்பட்டிருக்க வேண்டும். திறந்தபடி கிடந்த பம்பின் உள்ளே இந்த ஈரக்காற்றில் துரு ஏறியிருக்கும், துருப்பிடித்த தகடு பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். கையால் சுற்றினால் சீராக, லேசான எதிர்ப்போடு சுற்ற வேண்டும்; ஓரிடத்தில் பிடித்து விட்டால் வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலை விரலில் தொட்டுத் துகள் பார்க்க வேண்டும். ஒரே வண்டியின் வெவ்வேறு ஆண்டு, வெவ்வேறு எஞ்சின் வகைகளுக்குப் பம்பின் உடல் ஒன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும், ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு மாறுபடலாம். பாக எண்ணை ஒப்பிடாமல் வாங்கினால் ஸ்டியரிங் கனமாகவோ அளவுக்கு மீறி லேசாகவோ போகும். புல்லி தண்டோடு அழுத்திப் பொருத்தப்பட்ட வகையாக இருந்தால், புல்லியை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் இல்லாமல் சுத்தியால் அடித்துக் கழற்றும் இடத்தில் வேலை கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு அடியும் பேரிங்குக்குள் இறங்குகிறது. சத்தத்துக்காக வாங்கிய பம்பு பொருத்தும்போதே சத்தம் போடத் தயாராகிவிடும்.

புதிய பம்பு எல்லாவற்றிலும் விலை கூடியது. நாள்தோறும் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு, துகள் தெரிந்த பிறகு, அதுவே நியாயமான செலவு. வண்டி நிறுவனத்தின் பெட்டியில் வருவதும், அதே பாகத்தைச் செய்து தரும் ஸ்டியரிங் நிறுவனத்தின் பெயரில் வருவதும் பெரும்பாலும் ஒரே தரத்தவை; பின்னதை வாங்கி மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. பெயரே தெரியாத பெட்டியில் வருவதை வாங்குவதைவிட நன்றாகச் சோதித்த பழைய அசல் பம்பு மேலானது என்பது என் எண்ணம். ஆனால் எந்தப் பம்பைப் போட்டாலும் பழைய துகள் ஸ்டியரிங் பெட்டியிலும், ஆயிலை டப்பாவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் திரும்பு ஹோஸிலும் தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. புதிய பம்பைப் பொருத்தும் முன்பே, திரும்பு ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, முன் சக்கரங்களை உயர்த்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் ஒடித்துப் பெட்டிக்குள் இருக்கும் பழைய ஆயிலை வெளியேற்ற வேண்டும். பம்பு ஏறிய பிறகு, டப்பா வற்றாமல் புதிய ஆயிலை ஊற்றிக்கொண்டே, சிவந்த தெளிந்த ஆயில் வரும்வரை அதே பாட்டிலுக்குள் விட வேண்டும். டப்பாவையும் அதனோடு மாற்ற வேண்டும். இதற்குக் கூடுதலாக ஓரிரு லிட்டர் ஆயில் செலவாகும். பம்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு இந்த ஆயிலில் மிச்சம் பிடிப்பது எந்த வகையிலும் பொருந்தாது.

எதைச் செய்வது என்பதைப் போலவே எப்போது செய்வது என்பதும் முடிவின் ஒரு பகுதி. மின்னும் துகளோடு உறுமும் வண்டியைப் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து மலைச்சாலைகளில் பாரத்தோடு அனுப்பக் கூடாது. பம்பு உதவி நின்றுபோனால் ஸ்டியரிங் அறுந்துவிடாது என்றாலும், வளைவின் நடுவில் திடீரென்று கனத்துப்போகும் சக்கரத்தைத் திருப்புவதற்கு ஓட்டுநரின் கை பழகியிருக்காது. அழுத்தக் குழாயிலிருந்து ஆயில் பீய்ச்சும் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், ஏனென்றால் சூடான எக்ஸாஸ்ட் மீது பட்டால் தீப்பிடிக்கும். கசியும் இடத்தை விரலால் தடவித் தேடுவதும் ஆபத்து. மற்றபடி காற்றுக் கலந்த உறுமல் மட்டும் என்றால் ஒரு வாரம் திட்டமிட நேரமிருக்கிறது. மீன் வண்டிக்காரர்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் இயல்பான இடைவெளி: சின்னமுட்டம் உள்ள கிழக்குக் கரைப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. பூவும் காயும் ஏற்றுபவர்கள் ஓணத்துக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் வண்டி ஒரு நாள் நின்றாலும் ஏற்படும் இழப்பு ஒரு டப்பா, ஒரு ஹோஸ் இரண்டின் விலையையும் தாண்டிவிடும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, ஒர்க் ஷாப் வாசலிலேயே முன் டயர்களின் காற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. காற்று குறைந்த டயர், புதுப் பம்பையும் தேவையில்லாமல் வருத்தும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். புதிய பெல்ட் போட்டிருந்தால், தானாக இறுகும் டென்ஷனர் இல்லாத வண்டிகளில் சில நாள் ஓடிய பிறகு அது சிறிது நீளும். அப்போது ஒரு முறை இறுக்கிக்கொடுக்கச் சொல்ல வேண்டும். அன்றே ஆயில் மட்டத்தை மறுபடியும் பார்த்து, ஐடிலுக்கும் நிறுத்திய நிலைக்கும் இடையிலான வேறுபாடு 5 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டதா என்று அளந்துகொண்டால், காற்று முழுவதும் போய்விட்டதா என்பது தெரிந்துவிடும்.